திங்கட்கிழமை நோன்பு

உணவிருந்தும் உண்ணாதிருத்தல் ஒன்று. உணவின்றி வயிறு காய்தல் மற்றொன்று. முன்னதை நோன்பு என்பர். பின்னதைப் பசி என்பர். புறத்தே நின்று நோக்குவார்க்கு இரண்டும் ஒரு தன்மையவாகவே தோன்றும். இவ்விரண்டும் ஒருங்கே இந்நாட்டின் முன் வந்து நின்ற ஆண்டு 1965.

தமிழர் இல்லங்களில் நோன்புக்குக் குறைவில்லை. ஏகாதசியன்று பட்டினியிருந்து, மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்கனியும் சேர்த்து உண்பார் உளர். கந்தசஷ்டியின் ஆறு நாளும் ஒருவேளை உணவோடு அமைவார் உளர். கார்த்திகைத் திங்கட்கிழமைகளில் சிவபெருமானை நினைந்து விரதம் காப்பவர் பலர். முஸ்லிம் மக்கள் இரமலானில் பகற்பொழுது முழுவதும் நீரும் அருந்தார்; அவருள் பக்தி மிக்கார் ஏனைய மாதங்களிலும் திங்களும் வியாழனும் நோன்பிருப்பர். மாலையில் அவர்கள் வழங்கும் நோன்புக் கஞ்சி அண்டை வீட்டாரின் சமயம் இன்னதென்று பார்ப்பதில்லை. கிறித்தவர்கள் தவக்காலத்தின் 40 நாளும் உணவைச் சுருக்கி, அதனால் மிஞ்சுவதை ஏழையர்க்கு ஒதுக்குவர்.

பெரிய நோன்பு ஏதும் காக்க இயலாத வீடுகளிலும் பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்தது. உலைக்கென அரிசியை அளந்தெடுத்த பின், இல்லத்தரசி அதிலிருந்து ஒரு பிடியை மீட்டெடுத்து வேறொரு கலயத்தில் இடுவாள். ஒருபிடி குறைந்ததனால் வீட்டில் எவர் பசியும் ஆறாமற் போவதில்லை. கலயம் நிறைந்ததும் அவ்வரிசி கோயிலுக்கோ மடத்துக்கோ இரப்பவர்க்கோ சென்று சேரும். கணக்கெழுதாத அறம் இது.

1965 ஆம் ஆண்டிலே பருவமழை பொய்த்தது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. 1964-65 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 8.9 கோடி டன்னாக இருந்த உணவுதானிய விளைவு, அடுத்த ஆண்டில் 7.2 கோடி டன்னாக வீழ்ந்தது. அமெரிக்க நாட்டிலிருந்து கப்பலில் வந்த கோதுமையை எதிர்நோக்கி நாடு நின்றது. கொடுப்பவரோ மாதத்திற்கு மாதம் அளந்தே கொடுத்தனர். பிறர் கையை நோக்கி உண்ணும் உணவு எவ்வளவு கசக்கும் என்பதை அந்நாளில் இந்தியா நன்கறிந்தது.

அப்பொழுது தலைமை அமைச்சராக விளங்கியவர் லால்பகதூர் சாஸ்திரியார். 1904 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் முகல்சராயிற் பிறந்த அவர், இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தையை இழந்தவர். வறுமையை ஏட்டிற் படித்தறிந்தவர் அல்லர். வாரத்தில் ஒருநாள், திங்கட்கிழமை மாலையில், இயன்றவர் அனைவரும் ஒருவேளை உணவை விடுதல் வேண்டும் என்று அவர் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அதனைக் கூறுமுன், ஒருநாள் மாலை அடுப்பு மூட்டாதிருக்குமாறு தம் மனைவியாரிடம் சொல்லி, தம் மக்கள் அதனைத் தாங்குவார்களா என்று அறிந்துகொண்ட பின்னரே கூறினார் என்பதை அவர்தம் மைந்தர் பிற்காலத்தில் எடுத்துரைத்துள்ளார். தம் அரசு இல்லத்துப் புல்வெளியையும் அவர் உழுது பயிரிடச் செய்தார்.

இவ்வேண்டுகோளுக்குச் சட்டம் ஏதும் இல்லை. மீறினவர்க்குத் தண்டமும் இல்லை. வீட்டுக்குள் வந்து அடுப்பை நோக்கும் அதிகாரியும் இல்லை. உலகப்போர்க் காலத்துப் பங்கீட்டு அட்டையும், தானியத்தைச் சோதனையிட்ட காவலும் மக்கள் அறிந்தவையே. அக்கட்டுப்பாடுகளைச் சென்னை மாநிலத்தில் 1952 ஆம் ஆண்டு இராஜாஜி நீக்கியபோது மக்கள் விட்ட பெருமூச்சு அடங்கி நெடுங்காலம் ஆகவில்லை. அத்தகைய மக்கள், கட்டளையிடாமற் கேட்கப்பட்டதை மனமுவந்து ஏற்றனர். உணவு விடுதிகள் பலவும் திங்கட்கிழமை மாலையில் கதவடைத்தன. சோமவாரம் நோற்ற இல்லத்தார்க்கு அந்நாள் புதிதன்று. ஆயினும் முன்னர்த் தம் குடும்பத்தின் நலத்துக்கென நோற்றவர், இப்பொழுது பெயரறியா ஒருவன் உண்ணும்பொருட்டும் நோற்றனர். நோயாளர், குழவிகள், கருவுற்றோர் ஆகியோர்க்கு நோன்பில் விலக்குண்டு என்பதை எல்லாச் சமயங்களும் முன்னரே வகுத்திருந்தமையால், அதனை அரசு வந்து விளக்கவேண்டிய தேவையும் நேரவில்லை.

இந்நோன்பினால் களஞ்சியம் நிரம்பிற்றோ எனின், இல்லை என்பதே நேர்மையான விடை. நாளொன்றுக்கு இருவேளையாக வாரத்திற்கு 14 வேளை. அவற்றுள் ஒன்றை நாட்டார் அனைவரும் விட்டாலும், 7.2 கோடி டன்னில் மிஞ்சுவது 50 இலட்சம் டன்னளவே. குறைந்துபோனதோ 170 இலட்சம் டன். அன்றியும், அனைவரும் விடுதல் இயலுவதும் அன்று. அறுவடை முடிந்தால் வேலையற்றுப் போகும் கூலியாளின் வீட்டில் திங்கள், செவ்வாய் என்ற வேறுபாடின்றியே அடுப்பு அணைந்து கிடந்தது. அவனிடம் நோன்பைப் பேசுதல் தகாது. அவன் பசியைத் தவமென்று புகழ்வது அதனினும் தகாது. சாஸ்திரியாரின் சொல் அவனுக்கு உரியதன்று. நெற்குதிர் உள்ள வீட்டுக்கும், மூன்றுவேளை உண்டு ஏப்பமிடும் நகரத்தானுக்கும் உரியது. அவர்கள் நெஞ்சில் அது தைத்ததே அதன் பயன்.

பசியை வெல்லும் வழி உண்ணாமை அன்று, ஊட்டுதலே என்பதும் இம்மண் கண்ட நெறி. மணிமேகலையின் கையில் அமுதசுரபியைத் தந்தது தமிழ்க் காப்பியம். 1867 ஆம் ஆண்டு வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையில் அடுப்பை மூட்டினார். அது அணையாமல் இன்றும் எரிகின்றது. ஒன்பதாண்டு கழித்துத் தாதுவருடப் பஞ்சம் வந்தபோது, இலட்சக்கணக்கானோர் மாண்ட சென்னை மாகாணத்தில், அத்தகைய அடுப்புகள் போதா என்பதும் விளங்கிற்று. அடுப்புக்கு அரிசி வேண்டும். அரிசிக்கு வயல் விளைய வேண்டும்.

அதனை நன்குணர்ந்து முனைந்தவர் பொள்ளாச்சிப் பகுதியிற் பிறந்த சி. சுப்பிரமணியம். சாஸ்திரியார் அவரை உணவு, வேளாண்மை அமைச்சராக அமர்த்தி, எதிர்ப்புகளுக்கிடையே துணைநின்றார். 1966 இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை தருவிக்கப்பெற்றது. தஞ்சை மாவட்டத்து ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையில் உருவான ஆடுதுறை 27 என்னும் நெல் குறுவை வயல்களிற் பரவியது. 1964-65 இல் 123 இலட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைவு, 1967-68 இல் 165 இலட்சம் டன்னாயிற்று. உரமும் நீரும் மிகுதியாக வேண்டிய அப்பயிர்கள் பின்னாளில் மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் விளைத்த கேடு தனியே ஆராய்தற்குரியது. கையேந்தி நின்ற நிலை அவற்றால் மாறியது என்பதை மறுத்தற்கில்லை.

அவ்விதை மெக்சிகோவிலிருந்து வந்து சேருமுன்னரே, அதற்குத் துணைநின்றவர் மறைந்தார். 1966 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆம் நாள், தாஷ்கண்ட் நகரில் சாஸ்திரியாரும் பாகிஸ்தான் குடியரசுத் தலைவர் அயூப்கானும் அமைதி உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். அன்று திங்கட்கிழமை. அவ்விரவு விடியுமுன், 11 ஆம் நாளின் தொடக்கத்தில், சாஸ்திரியார் மாரடைப்பால் உயிர் நீத்தார். முந்தின மாலை உணவை விட்ட இல்லங்களில், செவ்வாய்க்கிழமைக் காலையில் வானொலி அச்செய்தியைக் கூறிற்று. மார்கழியின் கடைசி நாட்கள் அவை. பொங்கலுக்கு மூன்று நாளே இருந்தன. முஸ்லிம் இல்லங்களில் இரமலான் நோன்பு நடந்துகொண்டிருந்தது.

பொங்கலும் மாட்டுப்பொங்கலும் காணும்பொங்கலும் வந்து சென்றன. அவற்றின் மறுநாள் மீண்டும் திங்கட்கிழமை. அன்று மாலையும் அடுப்பு மூட்டாத வீடுகள் இருந்தன.