டப்பாவில் வெண்பொங்கல்

ஜிம் பையன்கள் வாங்கும் சைவ புரோட்டீன் டப்பாவின் முதுகைப் படித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் பட்டாணிப் புரதம், கூடவே அரிசிப் புரதம். சாக்லேட் வாசனை சேர்த்த வெண்பொங்கல்!

கிண்டல் இல்லை. பயறுகளில் மெத்தியோனின் கம்மி, அரிசியில் லைசின் கம்மி. சேர்ந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று அடைக்கும். இட்லியில் அரிசியும் உளுந்தும் செய்வது இதைத்தான்.

பவுடர் வேலை செய்யுமா? செய்யும். 2015-ல் வெளியான பிரான்ஸ் ஆராய்ச்சி ஒன்றில் 161 ஆண்களுக்கு 12 வாரம் எடைப் பயிற்சி. சிலருக்குப் பட்டாணிப் புரதம், சிலருக்குப் பால் புரதம், மற்றவர்களுக்கு டம்மி பவுடர். முதல் இரண்டு கோஷ்டிக்கும் புஜம் ஏறக்குறைய ஒரே மாதிரி பருத்தது. (குழுவில் பட்டாணிப் புரதம் விற்கும் கம்பெனிக்காரர்களும் இருந்தார்கள் என்பதைக் காதில் போட்டு வையுங்கள்.)

என் கவலை வேறு. ஆலங்குளத்தில் - தென்காசிப் பக்கத்து ஊர் அல்ல, சிமென்ட் ஆலை ஆலங்குளம் - எனக்கு ஒரு மருமகன் முறைப் பையன். சிவகாசியில் பட்டாசுப் பெட்டி தூக்கும் வேலை. சம்பளத்தில் ஒரு பங்கு டப்பாவுக்குப் போகிறது. ‘‘சாப்பாடு கொறஞ்சாலும் பரவால்ல மாமா, பவுடர் கொறையக் கூடாது’’ என்கிறான். பகீரென்றது.

2024-ல் கேரள டாக்டர் ஒருவரின் குழு, நம் நாட்டில் விற்கும் 36 புரத பவுடர்களைச் சோதித்தது. 25-ல் லேபிளில் போட்ட அளவுக்குப் புரதம் இல்லை. உடம்பை ஏற்ற பவுடர் வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அதே வருஷம் சொல்லிவிட்டது.

சரி, கணக்குப் போடுவோம். எடை தூக்கிப் பழகுபவருக்கு, கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் தாராளம். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். மீல்மேக்கர், பொட்டுக்கடலை, நிலக்கடலை மூன்றிலும் தலா 50 கிராம் எடுத்தாலே 48 கிராம் தேறும். பாதிக் கிணறு தாண்டியாச்சு! மீதிக்கு இட்லி, பருப்பு, சுண்டல், மொச்சைக் குழம்பு. பருப்பு வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகர் பக்கத்திலேயே இருக்கிறது.

நிலக்கடலையில் மட்டும் கையைக் கட்டுங்கள். அதில் பாதி எண்ணெய். புஜத்துக்கு முன்னால் தொப்பை வந்துவிடும். கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் டப்பாவோ பயறோ, டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.