பித்தளை துடைக்கப் போன இடம்

"வாரக்கடைசியில என்னடா பண்றே?" என்று ஊரிலிருந்து யார் கேட்டாலும் கொஞ்ச காலம் நான் சொல்லிக்கொண்டிருந்த பதில்: "நீர்மூழ்கிக் கப்பல்ல பித்தளை துடைக்கிறேன்." மறுமுனையில் ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. அப்புறம் அம்மா மட்டும், "நம்ம வீட்டு குத்துவிளக்க ஒருநாளாவது தொடச்சிருக்கியா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். :-)

சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு வந்தவர்கள் ஃபிஷர்மன்ஸ் வார்ஃப் பக்கம் கட்டாயம் போயிருப்பீர்கள். நண்டு சாப்பிட்டு, கடல்சிங்கங்களைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். அங்கே 45-ம் எண் துறையில் கறுப்பாக, நீளமாக, பாதி தண்ணீருக்குள் ஒரு சமாச்சாரம் கட்டிக் கிடக்கும். அதுதான் யு.எஸ்.எஸ். பாம்பனிடோ. 1943-ல் கடலில் இறக்கினார்கள். இரண்டாம் உலகப்போரில் பசிபிக்கில் ஆறு ரோந்து போனது, ஆறு ஜப்பானியக் கப்பல்களை மூழ்கடித்தது. போர் முடிந்த பிறகு பயிற்சிக்குப் பயன்பட்டு, 1982-ல் அருங்காட்சியகமானது. இந்த மாதிரி பழைய கப்பல்களைக் காப்பாற்றுவதில் பாதி வேலை தன்னார்வலர்களுடையது. சம்பளம் கிடையாது. காபி உண்டு.

நான் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வாரம் முழுக்க கம்ப்யூட்டரைத் தட்டுகிறவனுக்கு சனிக்கிழமையாவது கையில் கிரீஸ் படட்டுமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

முதல் நாள் உள்ளே இறங்கியதும் தெரிந்துகொண்டது, இது குள்ளமானவர்களுக்கான உலகம் என்பது. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக முட்டை வடிவத்தில் ஒரு வாசல். தலையைக் குனிந்து, காலைத் தூக்கி, உடம்பை மடித்து நுழையணும். 312 அடி நீளம் என்று சொன்னால் பெரிதாகத்தான் தெரியும். அதற்குள் 80 பேர், 24 டார்பிடோ, நாலு டீசல் என்ஜின், இரண்டு மாசத்துக்குச் சாப்பாடு எல்லாவற்றையும் அடைத்துப் பாருங்கள். மாலுமிகள் தூங்கும் அறையில் 36 படுக்கை. ஆள் அதைவிட அதிகம். ஒருத்தன் எழுந்து டூட்டிக்குப் போக, அவன் சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தன் வந்து படுப்பான். சிலருக்கு டார்பிடோ பக்கத்திலேயே படுக்கை. ஆனால் ஐஸ்கிரீம் மெஷின் மட்டும் உண்டு! அமெரிக்கர்களின் முன்னுரிமையைப் பாருங்கள்.

கழிப்பறை தனிக்கதை. தண்ணீருக்கடியில் இருக்கும்போது 'ஃப்ளஷ்' பண்ண வரிசையாக வால்வுகளைத் திறந்து மூடணும், காற்றழுத்தம் கொடுக்கணும். வரிசை மாறினால் போனது திரும்பி உங்கள் மேலேயே வரும். இதைச் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வழிகாட்டி வேலைக்கு வந்த பிறகு என் கையிலிருந்த பிரம்மாஸ்திரம் இதுதான்.

வேலை என்று பார்த்தால் துரு சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது, பித்தளை துடைப்பது. உப்புக்காற்றுக்கு லீவே கிடையாது. இந்த சனிக்கிழமை தங்கமாக மின்னுகிற வால்வு சக்கரம் அடுத்த சனிக்கிழமை பச்சை பூத்து நிற்கும். புளி போட்டுத் துலக்கலாமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பாலிஷ் டப்பாவை நீட்டினார். வியட்நாம் காலத்தில் டீசல் நீர்மூழ்கிகளில் இருந்தவர் அவர். அதிகம் பேசமாட்டார். என்ஜின் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தமாட்டார்.

அந்த என்ஜின் உண்மையிலேயே அழகு. ஃபேர்பாங்க்ஸ்-மோர்ஸ், பத்து சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரிலும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன். மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று, நடுவில் தீ. என்ஜின் நேராக விசிறியைச் சுற்றாது. ஜெனரேட்டரைச் சுற்றும், அந்தக் கரண்டில் மோட்டார் ஓடும். தண்ணீருக்குள் போனால் டீசலுக்குக் காற்று ஏது? அப்போது 252 பேட்டரி செல்கள்தான் கதி. தன்னார்வலர்கள் வருஷக்கணக்காக உழைத்து இந்தக் கிழட்டு என்ஜின்களை மறுபடி ஓடவைத்தார்கள். அழுத்தக் காற்றைக் கொடுத்து ஒன்றைக் கிளப்பியபோது பக்கத்தில் நின்றிருக்கிறேன். காதில் கேட்பதைவிட நெஞ்செலும்பில்தான் அதிகம் கேட்டது.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் வேடிக்கை. இனி சொல்லப்போவதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

வழிகாட்டியாக நிற்கிறவர்களுக்கு கப்பலின் சரித்திரத்தைப் படிக்கச் சொல்வார்கள். அப்படித்தான் 1944 செப்டம்பர் கதை எனக்குத் தெரியவந்தது. சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்கு ஒரு கப்பல் வரிசை கிளம்பியது. அதில் ரகுயோ மாரு, கச்சிடோகி மாரு என்று இரண்டு கப்பல்கள். உள்ளே ரப்பர், அரிசி மட்டுமில்லை, 2,200-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய போர்க்கைதிகள். கப்பலின் மேல் எந்த அடையாளமும் இல்லை. செப்டம்பர் 12-ம் தேதி விடியுமுன் ஸீலயன் என்ற அமெரிக்க நீர்மூழ்கி ரகுயோ மாருவை அடித்தது. அன்று ராத்திரி கச்சிடோகி மாருவை அடித்தது பாம்பனிடோ. நான் பித்தளை துடைத்த அதே கப்பல்.

மூன்று நாள் கழித்து, 15-ம் தேதி, அந்தப் பக்கமாகத் திரும்பி வந்த பாம்பனிடோ, கடலில் மிதக்கும் பலகைகளில் ஆட்களைப் பார்த்தது. உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய். ஜப்பானியர்கள் என்று நினைத்து துப்பாக்கியோடுதான் நெருங்கினார்கள். இங்கிலீஷ் குரல் கேட்டது. ரகுயோ மாருவில் இருந்தவர்கள். மாலுமிகள் கடலில் குதித்து 73 பேரைத் தூக்கினார்கள். ஸீலயனும் வந்து 54 பேரைத் தூக்கியது. பிறகு பார்ப், க்வீன்ஃபிஷ் என்ற இரண்டு நீர்மூழ்கிகள் இன்னும் 32 பேரை எடுத்தன. ஆக மொத்தம் 159. பாம்பனிடோவில் டாக்டர் கிடையாது. மாரிஸ் டெமர்ஸ் என்ற மருந்தாள் ஒருவர்தான். ஏற்கெனவே 80 பேர் நெருக்கியடித்த இடத்தில் இன்னும் 73 நோயாளிகள். மலேரியா, புண், கடல்தண்ணீர் குடித்த மயக்கம். அவர் தூக்கமில்லாமல் பார்த்துக்கொண்டார். ஒருவர் மட்டும் வழியில் இறந்துபோனார். மற்ற 72 பேரும் 20-ம் தேதி சைபான் தீவில் உயிரோடு இறங்கினார்கள்.

இதைச் சொன்னபோது ஒரு பையன் கேட்டான்: "அப்ப இந்தக் கப்பல் மூழ்கடிச்ச கப்பல்ல இருந்தவங்க?" பத்து வயசு இருக்கும். கச்சிடோகி மாருவில் 900 பேர் அளவுக்குக் கைதிகள். பாதிக்கு மேல் ஜப்பானியர்களே கடலிலிருந்து எடுத்தார்கள், மற்றவர்கள் போய்விட்டார்கள். அவனிடம் அப்படியே சொன்னேன். "தெரியாமதான் சுட்டாங்க" என்றும் சொன்னேன். அவன் தலையாட்டினான். ஆனால் அடுத்த அறைக்கு உடனே போகவில்லை.

இந்தக் கைதிகளெல்லாம் எங்கிருந்து வந்தார்கள் என்று படித்த இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சயாம்-பர்மா ரயில். 415 கிலோமீட்டர் பாதை, 1942-லிருந்து 1943 அக்டோபர் வரை, காட்டையும் மலையையும் வெட்டி. நம்ம ஆட்கள் சொல்வது போல, மரண ரயில். அங்கே வேலை முடிந்தபின்தான் இவர்களை ஜப்பானுக்கு ஏற்றினார்கள்.

எங்கள் பாட்டியின் அண்ணன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனாங்க, திரும்பல" என்பதுதான் வீட்டில் அவரைப் பற்றி இருந்த மொத்தச் சரித்திரம். பாட்டி அதற்கு மேல் பேசமாட்டார். அந்த ரயிலுக்கு 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் போனார்கள். ஆனால் ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல பல மடங்கு. அதில் மலாயாத் தமிழர்கள் மட்டும் பல்லாயிரம். கைதிகளுக்காவது அவர்களோடு ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். நம்மவர்களுக்குக் காலரா வந்தால் காடுதான்.

இதைப் பார்வையாளர்களிடம் சொல்லலாமா என்று எனக்குத் தயக்கம். கப்பலில் அவர்கள் யாரும் கால் வைக்கவில்லையே! பெரியவரிடம் கேட்டேன். என்ஜினைத் துடைத்தபடியே, "அவங்க ஏன் அந்தக் கப்பல்ல இருந்தாங்கன்னு சொல்லும்போது, கூட யார் வேலை செஞ்சாங்கன்னு சொல்லாம இருந்தா எப்படி?" என்றார். அன்றிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பின்பக்க டார்பிடோ அறையில் நின்றுகொண்டு, ரெண்டே நிமிஷம்.

ஒரு சனிக்கிழமை ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். வயசானவர். அவருடைய சித்தப்பா ரகுயோ மாருவில் இருந்தாராம். காப்பாற்றப்பட்டவர்களில் இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, படைப்பிரிவு இருக்கிறது, இறந்த தேதி இருக்கிறது, எல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். நான் என் ரெண்டு நிமிஷத்தைச் சொல்லி முடித்ததும், பாட்டியின் அண்ணனைப் பற்றியும் சொன்னேன். அவர் கேட்டார்: "அவர் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?"

எதிலும் இல்லை என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "என்ன பெயர், சொல்லுங்கள்" என்றார். அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்தது 'பாட்டியோட அண்ணன்' மட்டும்தான்.

அன்று ராத்திரியே ஊருக்குப் போன் போட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. பாட்டி போய் பல வருஷம் ஆகிறது. அத்தையைக் கேட்டு, அத்தை இன்னொரு கிழவியைக் கேட்டு, மூன்றாவது வாரம் பெயர் வந்தது. கூடவே எந்தத் தோட்டம் என்பதும், போகும்போது வயசு இருபத்திரண்டு என்பதும், நல்லா உறுமி அடிப்பார் என்பதும். என் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்கூட வரவில்லை.

காஞ்சனபுரி போர்க்கல்லறையில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வரிசையாக, புல் வெட்டி, பூச்செடி வைத்து. அவர்களுக்கு அது செய்ய வேண்டியதுதான். பக்கத்தில் நம்மவர்களுக்கும் 2023-ல் ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஊரும் பேரும் கல்லில் தானாக வந்து உட்காராது.

மலாயா, சயாம், பர்மா என்று யாராவது உங்கள் வீட்டில் முணுமுணுத்திருந்தால், அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். துரு மாதிரிதான் இதுவும். ஒரு வாரம் விட்டால் ஏறிக்கொள்ளும்.