மைனஸ் இரண்டு

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இந்தக் கணக்கைப் போடாதவர்கள் குறைவு. 60 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு கல்லை நேர் மேலே எறிகிறோம். எத்தனை நொடியில் தரையைத் தொடும்? ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்ளலாம், காற்றுத்தடை கிடையாது.

மேல்நோக்கிய திசை பிளஸ் என்றால் இடப்பெயர்ச்சி மைனஸ் 60. இருபடிச் சமன்பாடு இரண்டு விடை தரும்: 6, மைனஸ் 2. "நேரம் எப்படிடா மைனஸ்ல வரும்? அடிச்சு விடு" என்பார் எங்கள் வாத்தியார். அடித்தோம், முழு மதிப்பெண் வாங்கினோம்.

ஆனால் அந்த மைனஸ் 2-க்கும் ஒரு பொருள் உண்டு. நாம் எறிவதற்கு 2 நொடி முன்பு, யாரோ தரையிலிருந்து நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் அதே கல்லை எறிந்திருந்தால், உச்சியைக் கடக்கும்போது அதன் வேகம் சரியாக 20. அப்புறம் நடப்பதெல்லாம் ஒன்றுதான். சமன்பாட்டுக்கு நம் கையைத் தெரியாது. ஒரு கணத்தின் உயரமும் வேகமும் கிடைத்தால் போதும், முன்னும் பின்னுமாக மொத்தப் பாதையையும் சொல்லிவிடும். நாம் எறிந்த நொடியில்தான் கதை தொடங்குகிறது என்பது நாம் போட்ட நிபந்தனை.

அக்கா மகளுக்குச் சொல்லித்தரும்போது அந்த விடையை நான் உடனே அடிக்கவிடுவதில்லை. "அப்போ கல்லு எங்க இருந்துச்சு, சொல்லு" என்று கேட்கிறேன்.