மூன்றாவது கம்பி

கச்சிராயபாளையத்துக்கும் கல்வராயன் மலை அடிவாரத்துக்கும் நடுவே இருந்த எங்கள் ஊரில், எண்பதுகளின் தொடக்கத்தில் வயர்மேன் என்றால் என் தாய்மாமன் ஒருவர்தான். அப்போது கள்ளக்குறிச்சி, தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா. தனி மாவட்டமானதெல்லாம் 2019 நவம்பரில். மாமாவுக்கு லைசென்ஸ் உண்டு, கடை கிடையாது. சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கும் காக்கிப் பைதான் கடை. கட்டிங் பிளேயர், நியான் டெஸ்டர், கறுப்பு இன்சுலேஷன் டேப், அட்டையில் சுற்றிய பீஸ் கம்பி, இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும் ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு. இந்தக் கடைசி உருப்படிக்கு டெஸ்ட் லேம்ப் என்று பெயர். மற்றதை எல்லாம் எடுத்துப் பார்க்கலாம். அதைத் தொட்டால் தலையில் குட்டு விழும்.

மேற்கே மலை நிற்பதால் எங்கள் ஊரில் பொழுது சீக்கிரமே சாய்ந்துவிடும். மலை நிழல் தெருவுக்கு வந்ததும் ஒவ்வொரு வீடாக விளக்கு விழும். குடிசைகளில் அரசாங்கத்தின் இலவச ஒற்றை விளக்கு, 40 வாட் குண்டு பல்பு. ஓட்டு வீடுகளில் மேற்கொண்டு ஒரு டியூப் லைட். கழனிகளில் கரும்புக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் எல்லாம் ஓடுகிற நேரம் அது என்பதால் வோல்டேஜ் இறங்கி, சோக்கு முனகுமே தவிர டியூப் லைட் பிடிக்காது. குண்டு பல்பு மட்டும் மஞ்சளாகத் தாக்குப்பிடிக்கும். கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பள்ளியில் நெய்வேலி என்பார்கள். எங்கள் மாவட்டத்திலேயே பழுப்பு நிலக்கரியைத் தோண்டி 1962 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள் என்பதில் எங்கள் வாத்தியாருக்குச் சொந்த வயலில் விளைந்தது போல ஒரு பெருமை.

என் முதல் மின்சாரப் பாடத்துக்கு நெய்வேலி தேவைப்படவில்லை. வாரக் கடைசியில் கரும்பலகைக்குக் கரி பூசுவது பையன்கள் வேலை. ஊமத்தை இலையோடு, தீர்ந்துபோன எவரெடி செல்லை உடைத்து உள்ளே இருக்கும் கறுப்புத் தூளையும் சேர்த்து அரைப்போம். வெளியே துத்தநாகத் தகடு, உள்ளே மாங்கனீசு டை ஆக்சைடும் கரியும் கலந்த தூள், நடுவே ஒரு கரிக்கோல், அதன் தலையில் பித்தளைத் தொப்பி. உடைப்பதற்கென்று செல் தேடிப் போன இடத்தில் தீராத செல் ஒன்று கிடைத்தால் அன்றைக்குத் திருவிழா. அதன் அடியில் ஒரு ஒயர், தொப்பியில் டார்ச் பல்பின் மூக்கு, ஒயரின் மறுமுனை பல்பின் இடுப்பில். எரியும். ஒயரை எங்கே எடுத்தாலும் அணையும்.

மாமா இதைப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் இன்றுவரை நான் படித்த எல்லாப் புத்தகத்துக்கும் மேலே நிற்கிறது. "போன கரண்டு திரும்பி வரணும் மாப்ள. திரும்ப வழி இல்லேன்னா அது கிளம்பவே கிளம்பாது."

ஆடி மாதம் மாரியம்மன் திருவிழாவுக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து சீரியல் செட் வரும். கோபுரத்திலிருந்து வேப்பமரம் வரை சரம்சரமாகச் சிவப்பும் பச்சையும். ஒரு சரம் மொத்தமாக அணைந்துவிட்டால் ஏணியோடு மாமாவைக் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு குட்டி பல்பு போயிருக்கும்; அதனால் சரம் முழுக்க இருட்டு. ஒன்றின் வழியாகத்தான் அடுத்ததற்குக் கரண்ட் போகிறது, நடுவில் ஒருவர் படுத்துவிட்டால் யாருக்கும் இல்லை. "6 வோல்ட் பல்பு, 230 வோல்ட்டுக்கு எத்தனை போடணும், சொல்லு" என்று ஏணி மேலிருந்து கேட்பார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று கீழிருந்து கத்துவேன். போன பல்பை எடுத்துவிட்டுச் சும்மா ஒயரை முறுக்கினாலும் சரம் எரியும். ஆனால் அப்படி நாலைந்து பல்பை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பவற்றின் தலையில் கூடுதல் வோல்டேஜ் ஏறி, அவையும் சீக்கிரம் போகும். வீட்டு வயரிங் இந்த வரிசையில் இல்லை. அங்கே ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாகப் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. அதனால்தான் திண்ணை விளக்கை அணைத்தாலும் அடுப்படி எரிகிறது. எட்டாம் வகுப்பில் தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று வாத்தியார் படம் போட்டபோது எனக்கு மாரியம்மன் கோவில்தான் தெரிந்தது.

என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு. கரண்ட் கம்பியில் வரிசையாகக் குருவி உட்கார்ந்திருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆவதில்லை. ஒற்றைக் கம்பியில் திரும்ப வழி ஏது என்று அதற்கு நானே பதில் வைத்திருந்தேன். ஏரிக்கரைப் புளியமரத்துப் பழந்தின்னி வௌவால்கள் கரண்ட் கம்பியில் செத்துத் தொங்குவதற்கும் பதில் இருந்தது. நாலடிக்கு மேல் விரியும் சிறகு, இரண்டு கம்பியையும் சேர்த்துத் தொட்டுவிடுகிறது. அப்படியானால் தரையில் நிற்கிற மனுஷன் ஒரே ஒரு கம்பியைத் தொட்டால் ஏன் அடிக்கிறது? அவனுக்குத் திரும்பும் கம்பி எங்கே இருக்கிறது?

மாமா வாயால் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் எர்த்துக்குழி இருந்தது. கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, நடுவில் ஓட்டை போட்ட இரும்புக் குழாய் நிறுத்திய குழி. காய்ந்த மணைப்பலகை மேல் ஏறி நின்றுகொண்டு, என்னை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, டெஸ்ட் லேம்பின் ஒரு ஒயரை சுவிட்ச் போர்டில் கரண்ட் வரும் பேஸ் கம்பியிலும் மற்றதைக் குழியிலிருந்து வரும் எர்த்துக் கம்பியிலும் வைத்தார். கரண்ட் திரும்பும் நியூட்ரல் கம்பியின் பக்கமே போகவில்லை. பல்பு எரிந்தது. சித்திரை வெயிலில் காய்ந்த மண் என்பதால் ஆரஞ்சு நிறத்தில் மங்கலாக. "ஒரு குடம் தண்ணி ஊத்துக்கா" என்று என் அம்மாவிடம் சொன்னார். அம்மா ஊற்ற ஊற்ற, மண் குடிக்கக் குடிக்க, பல்பு வெளுத்துக்கொண்டே வந்தது. டிரான்ஸ்பார்மர் அடியில் நியூட்ரலை மண்ணில் புதைத்திருக்கிறார்கள், அதனால் பூமியே ஒரு திரும்பும் கம்பி. வெறுங்காலோடு நிற்கிறவன் அந்தக் கம்பியின் மேல்தான் நிற்கிறான். டெஸ்டரின் சின்ன விளக்கு எரிவதுகூட நம் விரல் வழியாக, உடம்பு வழியாகப் பூமிக்குப் போகும் கரண்டில்தான். உள்ளே இருக்கும் பெரிய ரெசிஸ்டர் அதை ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே பிடித்து வைத்திருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. (இந்த டெஸ்ட் லேம்ப் வித்தையைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அது தொழில் தெரிந்தவர் கைக்கு உரியது.)

அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேர் பீஸ் கட்டையைத்தான் சாமியாக நம்பினார்கள். பீஸ் போனால் மெல்லிய கம்பி வாங்கச் சோம்பல்பட்டு, கைக்குக் கிடைத்த செம்பு ஒயரில் நாலு இழையைப் பிரித்து முறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்புறம் அது எதற்கும் உருகாது. சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் ஓடும் ஒயர்தான் உருகும். மாமாவுக்குக் கோபம் வந்து பார்த்தது அந்த ஒரு விஷயத்தில்தான். ஆனால் அவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு கணக்கு, ஓம் விதி படித்த பிறகு எனக்குப் பிடிபட்டது. 40 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் இழுப்பது ஏறக்குறைய 0.17 ஆம்பியர். ஈரக் கையும் ஈரத் தரையுமாக இருக்கும் மனித உடம்பின் தடை சுமார் 1000 ஓம் வரை இறங்கிவிடும். அப்போது அதன் வழியே பாய்வது 0.23 ஆம்பியர். அதாவது, ஓர் ஆள் ஷாக் அடித்துச் சாகும்போது வீட்டின் மெயினுக்கு அவர் கூடுதலாக எரியும் ஒரு சின்ன பல்பு. 5 ஆம்பியர் பீஸ் இதற்கு ஏன் அசையப்போகிறது? பீஸ் வீட்டைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. படித்தவர்கள் வீட்டிலும் இது இன்னும் பலருக்குத் தெரியாது.

ஆளைக் காப்பாற்ற அன்றைக்கு இருந்தது மூன்றாவது கம்பியான எர்த்துதான். மூன்று முள் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த முள் மற்ற இரண்டையும்விடச் சற்று நீளம். சொருகும்போது முதலில் சேர்வதும் பிடுங்கும்போது கடைசியாகப் பிரிவதும் அதுவாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த நீளம் அது. கிரைண்டருக்குள்ளே பேஸ் ஒயர் உரசி இரும்பு உடம்பில் பட்டுவிட்டால், இந்தக் கம்பி வழியே பெருவெள்ளமாகக் கரண்ட் பூமிக்கு ஓடும், அந்த வேகத்தில் பீஸ் போகும், கிரைண்டர் நிற்கும். எர்த்து இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது. கிரைண்டர் பாட்டுக்கு ஓடும். ஈரக் கையோடு ஒருவர் வரும்வரை.

எங்கள் தெருவில் கிரைண்டர் வந்த புதிதில் அந்த நீள முள்ளைத் திருகி எறிந்துவிட்டு இரண்டு முள் பிளக்கில் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. கை வைத்தால் சுரீர் என்று இருக்கும். அதற்கு ஒரு வைத்தியமும் கண்டுபிடித்திருந்தார்கள்: "லேசாத்தான் அடிக்கும், செருப்பு போட்டுக்கினு ஆட்டு." அடுப்படிக்குள் செருப்பு ஏறாத ஊரில் கிரைண்டருக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு மட்டும் உள்ளே கிடக்கும். அப்படி ஒரு செருப்பைக் கண்ட வீட்டில் மாமா தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். பிளக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, "எர்த்து போடாம இத நான் தரமாட்டேன் அத்தை" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். துணிக் கொடியிலும் இதே பிடிவாதம். சர்வீஸ் ஒயர் வரும் சுவருக்கும் கொல்லைத் தூணுக்கும் இரும்புக் கம்பி கட்டி ஈரத்துணி காயப்போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மழைக்காலத்தில் ஒயரின் தோல் விட்ட இடம் அந்தக் கம்பியில் பட்டால் கொடி முழுக்கக் கரண்ட். ஒரு சனிக்கிழமை மாமா வந்து, யாரிடமும் கேட்காமல் எங்கள் கொடிக் கம்பியை அறுத்துவிட்டு நைலான் கயிறு கட்டினார். கம்பிக்கு ஐப்பசி மழையில் பலி கொடுத்த வீடுகள் பற்றிய செய்தி இப்போதும் ஆண்டுதோறும் பேப்பரில் வருகிறது.

பள்ளி விடுமுறையில் அவரோடு மலைக்குப் போவேன். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ், கோமுகி அணையை ஒட்டி ஏறி, வளைவுகளில் மூச்சுவாங்கும். ஜாகீர்தார்கள் கையில் இருந்த அந்த மலை 1976இல்தான் அரசின் கைக்கு வந்தது. கம்பமும் கம்பியும் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஏறின. மலையாளி பழங்குடி மக்களின் மண் சுவர் வீடுகள், புல் வேய்ந்த கூரை, வாசலில் சாமையோ கேழ்வரகோ காயும். புல் கூரைக்குள் ஒயரைச் சொருகி இழுத்துவிட்டுப் போயிருந்த ஒரு வீட்டில், எலி கடித்தால் முதலில் எரிவது கூரைதான் என்று சொல்லி, மூங்கில் நட்டுக் கூரையைத் தொடாமல் ஒயர் கொண்டுவந்த பிறகே மாமா கனெக்ஷன் கொடுத்தார். மலையில் அவரைத் திணறவைத்தது எர்த்துதான். ஒரு முழம் தோண்டினால் பாறை. பாறையில் கரண்ட் எளிதாக இறங்காது. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, கை கழுவும் தண்ணீர் போய்த் தேங்கும் வாழை அடியைத் தேர்ந்து, அங்கே குழாயை இறக்குவார். வீட்டுக்காரப் பாட்டிக்கு அவர் சொன்ன மந்திரம் ஒன்றுதான்: "வாழைக்குத் தண்ணி ஊத்தறத நிறுத்திராத பாட்டி."

அடிவாரத்தில் அவர் செய்ய மறுத்த வேலையும் ஒன்று உண்டு. மரவள்ளியையும் கரும்பையும் காட்டுப்பன்றி வந்து கிளறிவிடும். விவசாயியின் வயிற்றெரிச்சல் உண்மையானதுதான். அதற்காகக் கொக்கி போட்டு வரப்போரக் கம்பியில் நேராகக் கரண்ட் விடச் சொல்லிக் கேட்பார்கள். சோலார் வேலியில் பாய்வது நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத் துடிப்பு. பன்றி அலறிக்கொண்டு ஓடும், சாகாது. லைனிலிருந்து நேராக விட்ட கரண்டில் அந்த இடைவெளி கிடையாது. தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விடவே விடாது. இருட்டில் தண்ணீர் பாய்ச்ச வருபவனுக்கும் பன்றிக்கும் அந்தக் கம்பிக்கு வித்தியாசம் தெரியாது. அப்படிக் கம்பி கட்டுவதைப் பயிர்ப் பாதுகாப்பு என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அது பொறி வைத்துக் கொல்வது.

மாமா தொழிலை விட்ட பிறகுதான் ஆர்.சி.சி.பி. என்ற பெட்டி எங்கள் பக்கத்து வீடுகளுக்கு வந்தது. பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அதாவது அந்தக் குண்டு பல்பு இழுப்பதில் ஆறில் ஒரு பங்கு வேறு வழியாக மண்ணுக்குப் போனால், நொடியின் ஒரு துணுக்கில் மெயினைத் துண்டித்துவிடும். மாமாவிடம் காட்டியபோது திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத முப்பது வருஷம் முன்ன குடுத்திருந்தா என்னா" என்றார். ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தவரை இந்தப் பெட்டியும் காப்பாற்றாது. பீஸுக்கும் எர்த்துக்கும் இது மாற்றும் இல்லை. மூன்றும் வேண்டும்.

உங்கள் மெயின் போர்டில் அந்தப் பெட்டி இருந்தால், அதில் T என்ற ஆங்கில எழுத்துப் போட்ட ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள். வந்தவரிடம் கிரைண்டர் பிளக்கையும் கழற்றிப் பார்த்து, மூன்றாவது கம்பி உள்ளே நிஜமாகவே மாட்டியிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.