எல்லாருக்கும்தானே!

உங்கள் சட்டைப்பையில் ஐநூறு ரூபாய் நோட்டு இருந்தால் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். (மாசக் கடைசி என்றால் பக்கத்து ஸீட்காரரிடம் வாங்கிப் பாருங்கள். மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடவும்.) அதில் ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்து இருக்கும். ஐநூறு ரூபாய் தருவதாக மனுஷர் உறுதி கொடுத்திருப்பார். அந்த உறுதியை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் காகிதம். காந்தி சிரிப்பார், டீக்கடைக்காரர் சிரிக்க மாட்டார்.

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் நோட்டு ஞாபகம்தான் வரும். மன்னிக்கவும். ஆனால் கொரோனா காலத்தில் அரசாங்கங்கள் போட்ட சட்டங்களும் இதே ரகம்தான் என்பது என் கட்சி. 'வெளியே வராதே, கூட்டம் கூடாதே, அம்மாவைப் பார்க்கப் போகாதே' என்று சொல்லி ஒரு தேசத்தையே வீட்டில் உட்கார வைக்கிற அளவுக்கு எந்த நாட்டிலும் போலீஸ் கிடையாது. ஜனங்களாகப் பார்த்துக் கேட்டால்தான் உண்டு. கேட்க வைப்பது, கையெழுத்துப் போட்டவர் மேல் இருக்கிற நம்பிக்கை.

அந்தக் கையெழுத்தே செல்லாமல் போன கதை லண்டனில் நடந்தது.

2020 மார்ச் 23-ம் தேதி பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன் டி.வி.யில் தோன்றி, எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்றார். நாலே நாளில் அவருக்கே கொரோனா. ஐ.சி.யூ. வரை போய்ப் பிழைத்து வந்தார். இந்த வியாதி எப்படிப்பட்டது என்று அவருக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லை.

அப்பேர்ப்பட்டவர் அதே வருஷம் ஜூன் 19-ம் தேதி, தன் ஐம்பத்தாறாவது பிறந்தநாளன்று, மந்திரிசபை கூடும் அறையில் சிப்பந்திகள் புடைசூழ நின்றார். தின்பண்டம், பானம், வாழ்த்து. கொஞ்ச நேரம்தான். ஆனால் கட்டடத்துக்குள் இப்படிக் கூடக் கூடாது என்று சட்டம் போட்டதே அவருடைய அரசாங்கம்.

அந்த ஜூன் 19 எனக்கு வேறு காரணத்துக்காக ஞாபகம் இருக்கிறது. சென்னையிலும் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு மறுபடி ஆரம்பித்த நாள் அது. அந்த வாரத்தில்தான் கும்பகோணம் பக்கத்தில் என் பெரியப்பா காலமானார். கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ரிடையரானவர். நாலணா கணக்கு இடித்தாலும் சாப்பிட உட்கார மாட்டார். கணக்குப் பிரிவில் என்னைச் சேர்த்துவிட்ட புண்ணியவான்.

சென்னையை விட்டுக் கிளம்ப இ-பாஸ் வேண்டும். விண்ணப்பித்தேன். இறப்புச் சான்றிதழை இணைக்கச் சொன்னது. பெரியப்பா இறந்து அப்போது மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது! இருந்த காகிதத்தை எல்லாம் இணைத்தேன். இரண்டு தடவை நிராகரிப்பு. மூன்றாவது தடவை அனுமதி வந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. ஒரு தம்பி செல்போனைத் தூக்கிப் பிடிக்க, ஆடுகிற வீடியோவில் பார்த்தேன். இறுதிச் சடங்குக்கு இருபது பேர்தான் என்று விதி. எங்கள் பங்காளிகள் மட்டுமே நாற்பதைத் தாண்டுவார்கள். யார் அந்த இருபது என்று லிஸ்ட் போட்டதில் இரண்டு மாமாக்களுக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

ராத்திரி பெரியம்மாவிடம் பேசினேன்.

"பாஸ் கிடைக்கலை பெரியம்மா..."

"விடுடா. நீ என்ன பண்ணுவே? சட்டம் எல்லாருக்கும்தானே!"

இந்த 'எல்லாருக்கும்தானே' இருக்கிறதே, அதுதான் சார் விஷயம். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் தங்கள் துக்கத்தை விழுங்கினார்கள். எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும்தான் என்கிற ஒரே ஆறுதல். லண்டன் கேக் வெட்டியது அந்த வார்த்தையைத்தான்.

அங்கே பிறந்தநாளோடு முடியவில்லை. 2021 ஏப்ரல் 17-ம் தேதி இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்கு. முப்பது பேருக்குத்தான் அனுமதி. எழுபத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்த ராணி எலிசபெத், முகக்கவசம் போட்டுக்கொண்டு சர்ச்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தின ராத்திரி பிரதமர் அலுவலகத்தில் இரண்டு பிரிவு உபசார பார்ட்டிகள்! ஜான்சன் அன்று அங்கே இல்லை. ஆனால் வீடு அவருடையதாயிற்றே. அரண்மனையிடம் பிற்பாடு மன்னிப்புக் கேட்டார்கள்.

போலீஸ் விசாரித்து, அந்த அரசாங்க அலுவலகங்களில் 83 பேருக்கு 126 அபராதம் போட்டது. பிறந்தநாளுக்காக ஜான்சனுக்கு 2022 ஏப்ரலில் ஐம்பது பவுண்டு. நம் காசில் சுமார் ஐயாயிரம் ரூபாய். பதவியில் இருக்கும்போதே சட்டத்தை மீறியதற்காக அபராதம் கட்டிய முதல் பிரிட்டிஷ் பிரதமர் என்கிற பெருமையும் சேர்ந்தது. ஐயாயிரத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. விதியெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம் என்று பார்லிமென்டில் சொல்லியிருந்தாரே, அது வட்டியும் முதலுமாக வந்தது. வேறொரு விவகாரத்தில் பிரதமர் பதவி போய், தெரிந்தே சபையைத் தவறாக வழிநடத்தினார் என்று 2023 ஜூனில் எம்.பி.க்களின் கமிட்டி அறிக்கை கொடுத்தது. அதற்குள் எம்.பி. பதவியையும் அவரே விட்டுவிட்டார்.

இப்போது நார்வேக்கு வாருங்கள். அங்கேயும் பிறந்தநாள்தான். பிரதமர் எர்னா சோல்பெர்குக்கு அறுபது. குடும்பத்தோடு ஒரு மலைவாசஸ்தலத்தில் விருந்து. பத்துப் பேர் என்பது விதி, கூடியவர்கள் பதின்மூன்று. அம்மணி மழுப்பவில்லை. தப்புத்தான், மன்னியுங்கள் என்றார். 2021 ஏப்ரலில் போலீஸ் இருபதாயிரம் குரோனர் தீட்டியது. சுமார் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்! போலீஸ் சொன்ன காரணம்தான் அழகு. சாதாரண ஆளாக இருந்தால் இப்படி அபராதம் போட்டிருக்க மாட்டோம். கட்டுப்பாடுகளை முன்னால் நின்று அறிவித்தவர் என்பதால் போட்டோம் என்றார்கள். விருந்துக்கு ஏற்பாடு செய்ததில் புருஷனுக்கும் பங்கு உண்டு. அவருக்கு அபராதம் இல்லை, சம்சாரத்துக்கு மட்டும். (கல்யாணமான வாசகர்கள் இதை வீட்டில் உரக்கப் படிக்க வேண்டாம்.)

பெரிய பதவி என்றால் சின்ன தண்டனை என்றுதான் நமக்குப் பழக்கம். அங்கே தலைகீழ்.

அபராதமே தேவைப்படாதவர்களும் இருந்தார்கள். நெதர்லாந்தில் முதியோர் இல்லங்களுக்கு யாரும் போகக் கூடாது என்று 2020 மார்ச்சில் தடை வந்தது. பிரதமர் மார்க் ருட்டேயின் அம்மாவுக்கு 96 வயது; அப்படிப்பட்ட இல்லத்தில்தான் இருந்தார். ருட்டே சுமார் எட்டு வாரம் போகவில்லை. மே 13-ம் தேதி அம்மா காலமானார். கடைசி ராத்திரி மட்டும், விதியில் இடம் இருந்ததால், பக்கத்தில் இருந்தார். இதை அவர் ஊரைக் கூட்டிச் சொல்லவும் இல்லை. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

நியூஸிலாந்துப் பிரதமர் ஜஸிந்தா ஆர்டெர்ன் இன்னொரு ரகம். 2022 ஜனவரியில் கட்டுப்பாடுகளை இறுக்கிய அன்றே, நடக்கவிருந்த தன் கல்யாணத்தையும் நிறுத்திவிட்டார். பதவியை விட்டு இறங்கி, 2024-ல்தான் கல்யாணம் நடந்தது. நம் பக்கம் மந்திரி வீட்டுக் கல்யாணம் என்றால் நிற்பது டிராஃபிக் மட்டும்தான்.

நம் பக்கம் என்றதும் 2021 ஏப்ரல் ஞாபகம் வருகிறது. தெருவில் முகக்கவசம் இல்லாமல் போனால் இருநூறு ரூபாய். மைதானத்தில் ஆயிரக்கணக்கில் நின்றால் ஜனநாயகம். இந்த விஷயத்தில் கட்சிகளுக்குள் அபாரமான ஒற்றுமை. ஏப்ரல் 6-ம் தேதி தமிழ்நாட்டில் ஓட்டுப் பதிவு. மாசக் கடைசியில் ஆக்ஸிஜன் படுக்கைக்கு அலைச்சல். இரண்டாவது அலைக்கு நீங்கள்தான் பொறுப்பு, கொலை வழக்கே போடலாம் என்கிற அளவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் கமிஷனை ஏப்ரல் 26-ம் தேதி வாய்மொழியாகக் காய்ச்சியது. வார்த்தை கடுமை என்றது சுப்ரீம் கோர்ட். சரி. கமிஷன் தடுத்திருக்க வேண்டியதுதான். ஆனால் கூட்டத்துக்கு லாரி அனுப்பியது கமிஷன் இல்லையே! அனுப்பியவர்களில் யாராவது ஒருத்தர் 'என் பொறுப்பு' என்று சொல்வார் என்று இன்னும் காத்திருக்கிறேன்.

தலைவர்களுக்கு வைரஸைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. டாக்டர்களே 2020-ல் திணறினார்கள். தெரியாமல் எடுத்த முடிவை ஜனங்கள் மன்னிப்பார்கள். தனக்கு மட்டும் விலக்கு எடுத்துக்கொண்டவரைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இன்னொரு கொள்ளைநோய் எப்போதாவது வரத்தான் செய்யும். அப்போதும் ராத்திரி எட்டு மணிக்கு டி.வி.யில் ஒருத்தர் வந்து கைகூப்பி, உள்ளேயே இருங்கள் என்பார். இருங்கள், அது உங்கள் நல்லதுக்கு. ஆனால் நோட்டு வாங்கினால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறோம் இல்லையா, அந்த மாதிரி அவரையும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். அடுத்த முகூர்த்தத்தில் அவர் வீட்டுப் பந்தியில் எத்தனை இலை விழுகிறது என்று எண்ணினால் போதும்.