அம்மாவும் ஒரு பெருக்கல் குறியும்

நாம் எல்லோரும் பெருக்கலுக்கு × போட்டுத்தான் கணக்கு படித்தோம். ஆனால் கம்ப்யூட்டர் புரோகிராமில் பெருக்கலுக்கு நட்சத்திரம் (*), வகுத்தலுக்குச் சாய்கோடு. 'சிறியது அல்லது சமம்' என்பதற்கு ≤ என்று அழகாக ஒரு குறி இருந்தும், <= என்று இரண்டாகப் பிரித்துத் தட்ட வேண்டும். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் எனக்கு இது பழகிவிட்டது. அம்மாவுக்குப் பழகவில்லை.

அம்மா ரிட்டயர்டு கணக்கு டீச்சர். ஏழாவது படிக்கும் என் மகனுக்கு பைத்தான் சொல்லித்தர ஆரம்பித்தபோது, தானும் கற்றுக்கொள்கிறேன் என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு × போடச் சொல்லிக் கொடுத்திருக்கேன். இதுக்கு அது தெரியாதாமா?" என்று சிரித்தார். இரண்டாம் நாள் நாற்காலி காலி. "எனக்கு எதுக்குடா இதெல்லாம், நீங்க பாருங்க" என்று சமையலறைக்குப் போய்விட்டார். அது எனக்கு உறுத்தியது.

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. 1960-ல் வந்த 'அல்கால்' மொழியின் அறிக்கையில் × குறியும் ≤ குறியும் இருந்தன. ஆனால் 1963-ல் வந்த 'ஆஸ்கி' பட்டியலில் மொத்தம் 128 இடங்கள்தான். ஆங்கில எழுத்துகள், எண்கள், கொஞ்சம் நிறுத்தற்குறிகள் என்று நிரம்பியதில் இவற்றுக்கு இடமில்லை. கென்னத் ஐவர்சன் உருவாக்கிய 'ஏ.பி.எல்.' மொழி முழுக்கக் குறிகளால் ஆனது. அதற்காகவே ஐ.பி.எம். தனி அச்சு உருண்டை செய்தது. அந்த வசதி இல்லாதவர்களுக்கு அது எட்டாக்கனி.

1991-ல் யூனிகோட் வந்து, தமிழ் எழுத்துக்கும் கணிதக் குறிக்கும் ஒரே பட்டியலில் இடம் கொடுத்தது. இந்தக் கட்டுரையில் 'அ'வும் ≤ குறியும் சேர்ந்து நிற்பது அதனால்தான். 2012-ல் வெளியான 'ஜூலியா' மொழியில் ≤, √, ÷ எல்லாவற்றையும் அப்படியே எழுதலாம். பின்சாய்கோடு போட்டு, குறியின் ஆங்கிலப் பெயரைத் தட்டி 'டேப்' அழுத்தினால் குறி வந்துவிடும்.

அதை அம்மாவுக்குக் காட்டினேன். √144 என்று அடித்தார், 12.0 என்று வந்தது. 7 ÷ 2 போட்டார், 3 வந்தது. "அட, ஈவு மட்டும் சொல்லுது! மூணாம் கிளாஸ் கணக்குடா" என்றார். × மட்டும் அங்கேயும் சாதாரணப் பெருக்கல் இல்லை, வெக்டர் பெருக்கலுக்கு என்றேன். "வெக்டர்ல அதுக்கு அர்த்தமே வேறதானே" என்று ஒப்புக்கொண்டார். அன்று பேரனுக்கு ஈவும் மீதியும் நடத்தியது அம்மாதான்.

ஆபீஸில் மட்டும் நான் <= கட்சிதான். × குறியும் ஆங்கில 'எக்ஸ்' எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. எங்கிருந்தோ காப்பி செய்த வரியில் கழித்தல் குறிக்குப் பதில் அதைப் போலவே தெரியும் நீளமான கோடு ஒன்று இருந்தாலே பைத்தான் முரண்டு பிடிக்கும். நடுராத்திரியில் யாரோ கண்ணைக் கசக்கிக்கொண்டு அதைத் தேட வேண்டும். <= என்று அடித்ததைத் திரையில் மட்டும் ≤ போலக் காட்டும் எழுத்துருக்கள் இருக்கின்றன; எங்களுக்கு அது போதும்.

ஆனால் புதிதாகக் கற்பவருக்கு முதல் நாள் தெரிந்த குறி கண்ணில் பட வேண்டும். 'இது நமக்கானது இல்லை' என்று ஒருவர் எழுந்து போக ஒரு நட்சத்திரம் போதும். உங்கள் போன் கீபோர்டில் குறிகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல போன்களில் ×, ÷, √ மூன்றும் விரல் நுனியிலேயே இருக்கும்.