அம்மாவின் சராசரி

அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் தடித்த எழுத்தில் இருந்தவை இரண்டு எண்கள். ஹீமோகுளோபின் 9.1, ஆர்.டி.டபிள்யூ. 21. முதலாவதற்கு இரும்பு மாத்திரை எழுதிய டாக்டர் இரண்டாவதைப் பொருட்படுத்தவில்லை. 'அணுவின் சராசரி அளவு 86, நார்மல்தானே' என்றார். நாகல் நகருக்குத் திரும்பும்வரை எனக்கும் அது போதுமாயிருந்தது.

பாங்கில் எனக்குச் சராசரிகளோடுதான் பிழைப்பு. ஒரு கணக்கில் நாற்பதாயிரம், அடுத்ததில் நூறு. சராசரி போட்டால் இருவருமே கௌரவமானவர்கள். ஆர்.டி.டபிள்யூ. இந்தக் கௌரவத்தைச் சந்தேகிக்கிற எண். சிவப்பணுக்களின் அளவு சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதைச் சதவிகிதத்தில் சொல்வது. ஏறக்குறைய 11.5க்கும் 14.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். இரும்பு குறைந்தால் அணு சிறுக்கும்; பி12, ஃபோலேட் குறைந்தால் பெருக்கும். இரண்டு குறையும் ஒரே உடம்பில் சேர்ந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டி, சராசரி ஒழுங்காக வந்து நிற்கும். (ஒரு தசாப்தத்துக் கவிதை முழுவதையும் 'பொதுவாக' என்று தொடங்கி எழுதித் தள்ளியவர்களில் நானும் ஒருவன்.)

இப்போது எந்திரம் சொல்வதை 1910இல் ப்ரைஸ்-ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் அணு அணுவாக அளந்து வரைபடமாக்கினார். ஆனால் என்னை அதிகம் பாதித்தவர் லூசி வில்ஸ். 1928இல் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளான ஆலைத் தொழிலாளிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தவர். குன்னூரிலும் எலிகளை வைத்துச் சோதனை செய்தார். அந்தப் பெண்களின் அணுக்கள் பெருத்திருந்தன. மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாரம் அவர்களைக் குணப்படுத்தியதை 1931இல் எழுதினார். அதிலிருந்தது ஃபோலேட் என்பது பின்னால் தெரிந்தது. அவர் பெண்களின் சாப்பாட்டை விசாரித்தார் என்பதுதான் விஷயம்.

நான் விசாரித்ததில்லை. தறிச் சத்தத்துக்குள் தார் சுற்றி வளர்ந்தவள் அம்மா. எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைச் சாப்பிடுவாள். மிஞ்சாத நாளில் காப்பி. இதைப் பார்த்துக்கொண்டேதான் எதிரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

வேறொரு டாக்டர் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். பெரிதும் சிறிதுமாக அணுக்கள். இரும்பும் பி12ம் இரண்டுமே குறைவு. ஊசியும் மாத்திரையும் ஆரம்பித்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஆர்.டி.டபிள்யூ. 24. பயந்துபோய் ஓடினேன். சரியான அளவில் புது அணுக்கள் பிறந்து பழையவற்றோடு கலந்திருக்கின்றன என்றார் அவர். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பழையவை தீரும்வரை சிதறல் கூடத்தான் செய்யும்.

அம்மாவிடம் சொன்னேன். 'பழசு போவட்டும்' என்றாள். காப்பியை மட்டும் விடவில்லை.